பணியிட விபத்துக்குப் பிறகு ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது எப்படி?

தீயை அணைத்தாகிவிட்டது. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. வாசலில் நிற்கும் நாற்பது பேரில் ஒருவர் உங்களைப் பார்த்து, "இப்ப நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்கிறார். நீங்கள் டீம் லீடராகி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. ஹெச்.ஆர். பிரிவில் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம். எந்தப் பொறுப்பும் இல்லாத, பக்கத்து இருக்கைக்காரராகவும் இருக்கலாம். ஆபத்து வந்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று எல்லாருக்கும் பயிற்சி கொடுத்திருப்பார்கள். வெளியே வந்தபின் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. தீ, வெடிப்பு, வாயுக் கசிவு, கட்டடம் சரிவது, வேலையிடத்துக்குள் புகுந்து யாரோ தாக்குவது என எதுவானாலும் பிறகு செய்ய வேண்டியவை ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருந்த ஆலையில் ஒருநாள் நீராவிக் குழாய் வெடித்தது. இரண்டு பேருக்குப் பலத்த காயம். மறுநாளே நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு கவுன்சலரை அழைத்து வந்தது. எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம். முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்து. அதோடு வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

ஆறாவது வாரம் ஒருவர் ராஜினாமா கடிதத்தோடு என் முன்னால் வந்து நின்றார். விபத்தன்று முதல் ஆளாக ஓடிப்போய் வால்வை மூடியவர் அவர். விசாரித்தபோதுதான் தெரிந்தது: ஒரு மாதத்துக்கும் மேலாகத் தினமும் அரை மணி நேரம் முன்கூட்டியே வந்து, வாசலுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு, உள்ளே வர மனம் துணியாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறார். வாசல் காவலருக்கு அது தெரியும். எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து எனக்கு இதில் சந்தேகமே இல்லை. மறுநாள் நடத்தும் ஒரு பெரிய கூட்டத்தைவிட, வாரக்கணக்கில் விடாமல் தொடரும் சின்னச் சின்ன விசாரிப்புதான் ஆட்களைத் தாங்குகிறது. ஆய்வுகளும் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. கிறிஸ் பிரூவினும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டு 77 ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பேரதிர்ச்சிக்குப் பின் யாருக்கு நீடித்த மனநோய் வருகிறது என்பது கேள்வி. ஒருவரின் வயது, படிப்பு, பழைய மனநலப் பிரச்சினை இவற்றையெல்லாம்விட, சம்பவத்துக்குப் பின் சுற்றியிருப்பவர்களின் ஆதரவு கிடைக்காமல் போனதும், மேலும் மேலும் வந்து சேர்ந்த வாழ்க்கை நெருக்கடிகளும்தான் அதிகம் பாதித்திருந்தன. நடந்த விபத்தை இனி யாராலும் மாற்ற முடியாது. ஆதரவு நம் கையில் இருக்கிறது.

முதல் சில மணி நேரம்

2011இல் உலக சுகாதார நிறுவனம் வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து மனநல முதலுதவிக் கையேடு ஒன்றை வெளியிட்டது. அதன் சாரம் மூன்று சொல்: பார், கேள் (காதுகொடுத்து), இணை (தேவையான உதவியோடு). மனநல மருத்துவம் படிக்காதவர்களும் செய்யத்தக்கதாகவே அதை எழுதியிருக்கிறார்கள்.

முதலில் ஆட்களை எண்ணுங்கள். பெயர் பெயராக எழுதி வையுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர், துப்புரவுப் பணியாளர், அன்று எதேச்சையாக வந்திருந்த டெலிவரிக்காரர் வரை அந்தத் தாளில் இருக்க வேண்டும். இந்தப் பட்டியல்தான் அடுத்த மூன்று மாதம் உங்களுக்கு வழிகாட்டும். இதில் விடுபட்டவர் பிறகு எல்லாவற்றிலும் விடுபட்டுவிடுவார்.

அடுத்து, சம்பவ இடம் கண்ணில் படாத ஓர் இடத்துக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். குடிக்கத் தண்ணீர், உட்கார இடம், போர்த்திக்கொள்ள ஏதாவது. பலருடைய கைப்பேசியும் பையும் வீட்டுச் சாவியும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கைப்பேசியைக் கொடுத்து வீட்டுக்குப் பேசச் சொல்லுங்கள். செய்தியில் பார்த்துப் பதறுவதற்கு முன் குரலைக் கேட்டுவிட்டால் அந்த வீட்டுக்கே பாதி உயிர் வந்துவிடும். கை நடுங்குபவரை வண்டி ஓட்டவிடாதீர்கள். "வீட்ல இன்னைக்கு ராத்திரி யார் கூட இருப்பாங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். யாரும் இல்லை என்பவருக்கு அங்கேயே ஓர் ஏற்பாடு செய்யுங்கள்.

மூச்சு வாங்குபவர், உறைந்துபோய் நிற்பவர் பக்கத்தில் உட்காருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கால் தரையில் ஊன்றியிருப்பதை உணரச் சொல்லுங்கள். மூச்சை மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக விடச் சொல்லி நீங்களும் கூடவே செய்யுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், குழறும் பேச்சு இருந்தால் அதை 'அதிர்ச்சி' என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தகவலும் முதலுதவிதான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். விபத்து நடந்த இடத்தில் வதந்தி தீயைவிட வேகமாகப் பரவும். தெரிந்ததைச் சொல்லுங்கள், இன்னும் தெரியாதது எது என்பதையும் சொல்லுங்கள், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்று நேரம் குறிப்பிடுங்கள். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு வந்து, "புதுசா ஒண்ணும் வரலை" என்றாவது சொல்லுங்கள்.

பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்

எங்கள் ஆலையில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் போன்றவர்களுக்காக 1983இல் ஜெஃப்ரி மிட்செல் என்பவர் ஒரு முறையை வகுத்தார். சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் குழுவாக உட்காரவைத்து, பார்த்ததையும் உணர்ந்ததையும் படிப்படியாகச் சொல்லவைப்பது. நல்ல எண்ணத்தில் பிறந்த அந்த முறை பிறகு எல்லா வகைப் பணியிடங்களுக்கும் பரவியது. ஆனால் ஒரே ஒரு முறை உட்காரவைத்து நடந்ததைச் சொல்லவைப்பதால் பிற்காலப் பாதிப்பு குறைவதற்குச் சான்று இல்லை என்று, சோதனை முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆகியிருக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பினுடையது உட்படப் பல மருத்துவ வழிகாட்டிகள் இதைத் தடுப்பு முறையாகக் கையாள வேண்டாம் என்றே சொல்கின்றன.

அப்படியானால் பேசவே கூடாதா? பேச வருகிறவரைத் தடுக்காமல் கேளுங்கள். வாய் திறக்காதவரிடமிருந்து பிடுங்காதீர்கள். அவ்வளவுதான்.

இன்னொன்றை நான் அனுபவத்தில் கற்றேன்: ஆறுதல் சொல்பவரும் விசாரணை செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பாதுகாப்பு விசாரணைக்கு வாக்குமூலம் தேவைதான். ஆனால் காலையில் தோளில் கை வைத்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டவரே மதியம் நோட்டுப் புத்தகத்தோடு வந்து "வால்வை எத்தனை மணிக்கு மூடினீங்க?" என்று கேட்டால், மறுநாள் முதல் அவரிடம் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

முதல் வாரம்: எது இயல்பு, எதைத் தவிர்ப்பது

தூக்கம் பிடிக்காது. கதவு படாரென்று சாத்தினால் தூக்கிவாரிப்போடும். அதே காட்சி கண்முன் வந்து வந்து போகும். சிலர் அழுவார்கள். சிலருக்கு அழுகையே வராது, 'எனக்கு மனசாட்சியே இல்லையா?' என்று பயப்படுவார்கள். சிலர் காரணமே இல்லாமல் வீட்டில் எரிந்து விழுவார்கள். இவையெல்லாம் வழக்கத்துக்கு மாறான சம்பவத்தைச் சந்தித்த உடம்பும் மனமும் காட்டும் எதிர்வினைகள். பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். இதை ஒரு பக்கத் தாளில் எளிய மொழியில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் அது தேவை.

தூக்கம் வரவில்லை என்று குடிப்பது, யாரோ கொடுத்த தூக்க மாத்திரையைப் போடுவது, இரண்டும் வேண்டாம். பேரதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் அதன் அறிகுறிகளுக்காக பென்சோடயசிபைன் வகை மாத்திரைகளை (பதற்றம் தணியவும் தூக்கம் வரவும் தரப்படுபவை) கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே மருத்துவர் எழுதிக் கொடுத்துச் சாப்பிட்டு வருபவர்கள் அவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

விபத்துக் காட்சி வீடியோவை வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். போட்டவரிடம் தனியாகப் பேசி நீக்கச் சொல்லுங்கள்.

பாதிக்கப்பட்டவர் என்றால் காயம்பட்டவர் மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம். அன்று ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தவரை நினைத்துப் பாருங்கள். "என் இடத்துல அவன் நின்னான்" என்ற ஒரு வரி அவரை இரவெல்லாம் அறுக்கும். தொலைபேசியில் அலறலைக் கேட்டவர், தரையைக் கழுவிச் சுத்தம் செய்தவர், காயமடைந்தவரின் குடும்பத்துக்குச் செய்தி சொன்னவர், எல்லாரும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

என்ன சொல்வது, என்ன செய்வது

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு." நம்மில் பலர் பிழைத்து வந்தவரிடம் முதலில் சொல்வது இதைத்தான். சொல்பவர் மனதில் அன்பு இருக்கிறது. கேட்பவருக்கோ, 'உனக்கு வருத்தப்பட உரிமை இல்லை' என்று காதில் விழுகிறது. கூட வேலை செய்தவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது எந்தத் தலைப்பாகையைப் பற்றி நிம்மதி அடைவது? "எல்லாம் விதி", "இதைவிடப் பெரிய விபத்தெல்லாம் நான் பார்த்திருக்கேன்", "நீங்கதான் தைரியமான ஆளாச்சே", இவையும் அதே ரகம். பேச்சை அங்கேயே அடைத்துவிடும்.

"நீங்க வந்ததே எனக்கு நிம்மதியா இருக்கு." "என்ன சொல்றதுன்னு தெரியலை, ஆனா உங்க கூட கொஞ்ச நேரம் இருக்கேன்." இவை போதும். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அதைவிடப் போதும்.

ஜேம்ஸ் ஹவுஸ் என்ற சமூகவியலாளர் 1981இல், வேலைப் பளுவையும் ஆதரவையும் பற்றி எழுதியபோது ஆதரவை நான்காகப் பிரித்தார்: மனதுக்குத் தரும் ஆதரவு, கைவேலையாகச் செய்யும் உதவி, தகவல், 'நீ செய்தது சரிதான்' என்று ஒருவரின் செயலை மதிப்பிட்டுச் சொல்வது. நாம் முதலாவதையே ஆதரவு என்று எண்ணி மற்ற மூன்றையும் விட்டுவிடுகிறோம். காப்பீட்டுப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் திணறுபவருக்கு ஆறுதல் வார்த்தை வேண்டியதில்லை. படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். வால்வை மூட ஓடியவருக்கு, "அந்த நேரத்துல உங்களுக்குத் தெரிஞ்சதை வச்சுப் பார்த்தா நீங்க செஞ்சது சரிதான்" என்று, அந்த வேலை தெரிந்த ஒருவர் சொல்ல வேண்டும். நாங்கள் அவரிடம் அதைச் சொல்லவே இல்லை. இன்னும் ஐந்து விநாடி முன்னால் ஓடியிருக்கலாமோ என்று அவர் தனியாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பதை மறந்துவிடுங்கள். நொந்துபோயிருப்பவர் எதையும் யோசித்துக் கேட்க மாட்டார். "நாளைக்கு பசங்களை ஸ்கூல்ல நான் விடுறேன்", "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு என் வண்டியிலேயே போகலாம்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அப்போதுதான் சரி, வேண்டாம் என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியும்.

வேண்டாம் என்று சொன்னால்? விட்டுவிட்டு, நான்கு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். 1976இல் நார்வேயில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் வெடிவிபத்து நடந்தது. அங்கு வேலை செய்தவர்களை லார்ஸ் வைசேத் என்ற மனநல மருத்துவர் தொடர்ந்து ஆய்வு செய்தார். பேச வர மறுத்தவர்கள், தள்ளிப்போட்டவர்களிடையேதான் கடுமையான பாதிப்பு அதிகம் இருந்ததை அவர் கண்டார். "நான் நல்லாத்தான் இருக்கேன், விடுங்க" என்பவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

சம்பளம் பிடிக்கப்படுமா, லீவு எந்தக் கணக்கில் போகும், மருத்துவச் செலவை யார் கட்டுவார்கள். இந்த மூன்றுக்கும் முதல் வாரத்துக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில், டாக்டர்கள் பி.டி.எஸ்.டி. என்று சொல்லும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயும் இருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இதற்கு என்ன இழப்பீடு தருகிறது என்று கேட்டு வையுங்கள். சம்பவத்தன்று யார் எங்கே இருந்தார்கள் என்ற பதிவு, முதல் மருத்துவச் சீட்டு இரண்டையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

ஒழுங்கான நிர்வாகமே ஒரு மருந்து என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் பைப்பர் ஆல்ஃபா. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் அந்த எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்து எரிந்ததில் 167 பேர் இறந்தார்கள். உடல்களை மீட்டு அடையாளம் காணும் கொடுமையான வேலை காவல்துறையினருக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் இருந்த மனநல ஆய்வாளர் டேவிட் அலெக்சாண்டர் பின்னாளில் அவர்களைப் பரிசோதித்தபோது, அஞ்சிய அளவு மனப்பாதிப்பு இல்லை. வேலையை ஒழுங்குபடுத்திய விதமும் மேலிருந்தவர்கள் நடந்துகொண்ட விதமும் அதற்குப் பெரிய காரணம் என்று அவர் எழுதினார்.

மீண்டும் வேலைக்கு வரும் நாள்

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சுவருக்கு வெள்ளையடித்து, கண்ணாடியை மாற்றி, திங்கட்கிழமை காலை எல்லாரும் வழக்கம்போல வர வேண்டும் என்று மெசேஜ் போய்விடுகிறது.

வேலை நாளுக்கு முன்பே ஒருநாள், வேலை எதுவும் இல்லாமல், விருப்பப்பட்டவர்கள் வந்து இடத்தைப் பார்த்துப் போகட்டும். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிற்கலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். என்ன பழுது, எதை மாற்றியிருக்கிறார்கள் என்று தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் கையால் தொட்டுக் காட்டட்டும். 'பாதுகாப்பாக இருக்கிறது' என்று பத்து முறை சொல்வதைவிடப் புதிய வால்வை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது மேல்.

அலாரம் சோதனையை முன்கூட்டி அறிவியுங்கள். எங்கள் ஆலையில் மூன்றாவது வாரம், வழக்கமான மாதாந்திரச் சோதனை என்று சொல்லாமல் கொள்ளாமல் சைரனை அடித்துவிட்டார்கள். ஒரு பெண் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார். வெளியே அழைத்துவர இருபது நிமிடம் ஆனது. தேதியும் நேரமும் முதல் நாளே பலகையில் எழுதியிருந்தால் அந்த இருபது நிமிடம் நேர்ந்திருக்காது.

யாராவது இறந்திருந்தால் அவருடைய நாற்காலியை இரவோடு இரவாக அப்புறப்படுத்தாதீர்கள். அப்படியே மாதக்கணக்கில் விடவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்களையும் குடும்பத்தாரையும் கேளுங்கள். நாற்காலி முதுகில் தொங்கும் ஸ்வெட்டர், டிராயரில் இருக்கும் கண்ணாடி, பாதி எழுதிய நோட்டு எல்லாவற்றையும் இருவர் சேர்ந்து கையால் எடுத்து வைத்து, குடும்பத்திடம் நேரில் போய்க் கொடுங்கள். கம்ப்யூட்டர் பக்கமும் பாருங்கள்: தானாகப் போகும் பிறந்தநாள் வாழ்த்து, 'இன்று வரவில்லை' என்று வீட்டுக்குப் போகும் வருகைப்பதிவுச் செய்தி, ஷிஃப்ட் அட்டவணையில் வரும் பெயர். இவற்றை யாராவது நிறுத்தினார்களா?

முதல் சில வாரம் வேலை நேரத்தைக் குறைப்பது, இடம் மாற்றிக் கொடுப்பது, இருவர் இருவராக வேலை கொடுப்பது எல்லாம் நல்லதுதான். ஆனால் கேட்டுச் செய்யுங்கள். கேட்காமல் ஒருவரை இலகுவான வேலைக்கு மாற்றினால் அவர் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்வார்.

ஆறாவது வாரம்

இயற்கைப் பேரிடர்களுக்குப் பிந்தைய ஆதரவை ஆய்ந்த கானியாஸ்டியும் நாரிஸும் ஒன்றைக் கவனித்தார்கள். முதலில் உதவி குவிகிறது. பிறகு உதவியவர்களும் களைத்துப்போகிறார்கள், ஆதரவு சுருங்குகிறது. எதிர்பார்த்தது கிடைக்காதபோது 'எனக்கு யாருமில்லை' என்ற எண்ணம் வலுக்கிறது. பணியிடத்திலும் இதைத்தான் பார்த்தேன். முதல் வாரம் வீட்டில் உட்கார இடமில்லாத அளவுக்குக் கூட்டம். ஐந்தாவது வாரம் கைப்பேசி அடிப்பதே இல்லை.

இதற்கு ஒரே வழி, முன்பே நாள் குறிப்பது. அந்தப் பெயர்ப் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவருக்குப் பிடித்த ஒரு சக ஊழியரின் பெயர். இரண்டாவது, நான்காவது, ஆறாவது, பன்னிரண்டாவது வாரம் என்று தேதி. மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், மறந்துவிடும். காலண்டரில் போடுங்கள். அன்றைக்கு ஒரு ஃபோன், அல்லது கூடவே பத்து நிமிட நடை. "ராத்திரி தூங்குறீங்களா? வேலைக்குக் கிளம்பும்போது எப்படி இருக்கு?" இரண்டு கேள்வி போதும்.

ஒரு மாதம் தாண்டியும் கொடுங்கனவு, காட்சி மீண்டும் மீண்டும் வருவது, அந்த இடத்தையோ ஆட்களையோ தவிர்ப்பது, எப்போதும் விழிப்பாகவே பதறிக்கொண்டிருப்பது குறையவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். நிலைமை கடுமையாக இருந்தால் மாதம் முடியக் காத்திருக்க வேண்டாம். பேரதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். என்ற சிகிச்சை, இரண்டும் நன்றாகப் பலன் தருபவை. முதல் தடவை கூடப் போய் வெளியே காத்திருங்கள். சாக விரும்புவதாக யாராவது ஜாடையாகப் பேசினால், "தற்கொலை எண்ணம் வருதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் கூடவே இருந்து அவசர மருத்துவ உதவிக்கு அழையுங்கள்.

ராஜினாமா கடிதம் கொடுத்தவரிடம் அதை ஒரு வாரம் என் மேசையிலேயே வைத்திருக்கிறேன் என்றேன். மறுநாள் காலை சீக்கிரமே போய், வாசலில் நின்ற அவர் காரில் ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். விபத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. ஸ்டீயரிங்கில் இருந்த கையைக்கூட அவர் எடுக்கவில்லை. நேரம் ஆனதும் இருவரும் இறங்கி நடந்தோம். அடுத்த நாள் வேறொருவர் போனார், அதற்கடுத்த நாள் இன்னொருவர். இதற்கிடையே மருத்துவரிடமும் போக ஆரம்பித்தார். கடிதத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

உதவி செய்யும் உங்களுக்கு

பத்துப் பேரின் கதையைக் கேட்டுவிட்டு நீங்களும் தூக்கமில்லாமல் கிடப்பீர்கள். பட்டியலில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். அதற்கு எதிரேயும் ஒரு பெயர் வேண்டும். ஒருவரே ஐந்து பேருக்கு மேல் பார்த்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கணிப்பு. கேட்டதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லியே ஆக வேண்டும், அதை முதலிலேயே அவரிடம் தெரிவித்துவிடுங்கள்.

ஒரு வருடம் நிறையும் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு எல்லாரிடமும் கேளுங்கள்: அன்று கூடி நினைவுகூர வேண்டுமா, லீவு வேண்டுமா, வழக்கம்போல வேலை செய்யவே விருப்பமா? பதில் ஆளுக்கு ஆள் மாறும். மூன்றுக்கும் இடம் கொடுங்கள். அன்றைய தேதியில் அலாரம் சோதனை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.